வாகனத் தரிப்பிடம்: கேட்டுப் பெற வேண்டிய உரிமை



சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு தாய் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். லண்டனில் வாழும் அவருடைய மகளின் மாமியாருக்கு முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் போய்விட்டது. அவருக்கு அங்கே ஒரு நீல அட்டை கொடுத்திருக்கிறார்களாம். அதைக் காரின் முன்பக்கம் வைத்துவிட்டால் கடைக்கு அருகிலேயே காரை நிறுத்தலாமாம். "ஷெல் விழுந்து கால் போன என்ட தங்கச்சிக்கும் இஞ்ச அப்படி ஒண்டு எடுக்க ஏலுமா புள்ள?" என்று அவர் கேட்டார்.

நம்மிடம் காரே இல்லை, நமக்கு ஏன் இந்தப் பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நம் பகுதியில் நடக்க முடியாத பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு வாகனத்தில்தான் வெளியே போகிறார்கள். பெரும்பாலும் அது முச்சக்கர வண்டி. கல்முனைப் பிரதான வீதியில் வங்கிக்கோ மருந்துக்கடைக்கோ போகும்போது அந்த வண்டி எங்கே நிற்கிறது? வாசல் முழுக்க மோட்டார் சைக்கிள்கள். வண்டிக்காரர் ஐம்பது யார் தள்ளித்தான் நிறுத்துகிறார். நல்ல காலுள்ளவர்களுக்கு ஐம்பது யார் ஒரு தூரமல்ல. செயற்கைக் காலோடு மணலிலும் வடிகான் மூடியிலும் ஊன்றுகோலை வைத்து நடப்பவளுக்கு அது பெரிய பயணம்.

இதன் விளைவு என்ன தெரியுமா? அவள் வெளியே போவதையே விட்டுவிடுகிறாள். "நீ ஏன் கஷ்டப்படுகிறாய், அட்டையைத் தா, நான் எடுத்து வருகிறேன்" என்று வீட்டில் யாரோ வங்கி அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள். நல்லெண்ணத்தோடு தொடங்கும் இந்தப் பழக்கம், தன் கொடுப்பனவு எவ்வளவு வருகிறது, எதற்குச் செலவாகிறது என்பதே அவளுக்குத் தெரியாத நிலையில் போய் முடிவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வாகனம் நிறுத்த இடமில்லாத ஒரு சின்னக் குறை ஒரு பெண்ணின் கையிலிருந்து அவளுடைய பணத்தையே எடுத்துவிடுகிறது.

முதலில் அந்த நீல அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டில் உறவினர் உள்ள சகோதரிகளுக்கு இது நேரடியாகவே பயன்படும்.

பிரித்தானியாவில் 1970 ஆம் ஆண்டு நாட்பட்ட நோயாளருக்கும் ஊனமுற்றோருக்குமான ஒரு சட்டம் வந்தது. அதைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அல்பிரட் மொரிஸ் என்ற உறுப்பினர். அதன் கீழ் 1971 இல் செம்மஞ்சள் நிற அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். 2000 ஆம் ஆண்டில் அது நீல அட்டையாக மாறியது. இந்த அட்டை வாகனத்துக்கு உரியதல்ல, நடக்க இயலாத ஆளுக்கு உரியது என்பதுதான் இதில் முக்கியமான விடயம். அவர் மகனின் காரில் போனாலும் வாடகைக் காரில் போனாலும் அட்டை அவரோடு போகும். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விண்ணப்பிக்க வேண்டியது தாம் வசிக்கும் பகுதியின் உள்ளூராட்சி சபைக்கு. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு, நடமாட இயலாமைக்கான உதவிப்பணம் பெறுவதாயின் அதற்கான கடிதத்தையும் இணைக்க வேண்டும். அப்படி உதவிப்பணம் பெறாதவர்களின் நிலையைச் சபையே மதிப்பிட்டுத் தீர்மானிக்கும். அட்டை பொதுவாக மூன்று வருடங்களுக்குச் செல்லுபடியாகும். முடிவதற்கு முன் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

பாவிக்கும்போது அட்டையின் முன்பக்கம் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் மஞ்சள் கோடிட்ட வீதியோரங்களில், பொருள் ஏற்றி இறக்கவும் தடையுள்ள இடங்கள் தவிர, மூன்று மணித்தியாலம் வரை நிறுத்தலாம். அதற்கு வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். உம்மாவை வீட்டில் விட்டுவிட்டு உம்மாவின் அட்டையோடு கடைக்குப் போவது அங்கே குற்றம். ஆயிரம் பவுண் வரை தண்டம் விதிக்கலாம். அட்டைக்குரியவர் காலமானால் அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அது ஓர் அமானிதம் என்று நினைத்துக்கொண்டால் பிழை வராது.

இன்னொரு செய்தியும் நம் சகோதரிகளுக்கு முக்கியமானது. 2019 ஓகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில், வெளியே தெரியாத இயலாமை உள்ளவர்களும் இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கால் நன்றாக இருந்தும் கடுமையான மனப்பதற்றத்தால் சன நெரிசலில் நடக்க முடியாதவர்களும் இதில் அடங்குவர். யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட நம் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த நிலை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். "அவளுக்கு ஒண்டும் இல்ல, நடிக்கிறாள்" என்று சொல்லும் வாய்களுக்கு இது ஒரு பதில்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நான் வேலை செய்யும் ஊர்களில் எந்தச் சகோதரியின் கையிலும் இப்படியொரு அட்டையை நான் கண்டதில்லை. ஆனால் நம் சட்டம் வேறொரு பக்கத்தால் நமக்குத் துணை நிற்கிறது. அது அந்த இடமே நமக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க ஊனமுற்றோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் போவதில் ஊனத்தைக் காரணமாக வைத்து ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கக் கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது 24 ஆம் பிரிவு. 2006 ஒக்டோபரில் வந்த அணுகும் வசதி ஒழுங்குவிதிகள், இருக்கும் பொதுக் கட்டடங்களை மூன்று வருடங்களுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று காலம் குறித்தன. காலம் போனது, பல வாசல்களில் படிகள் அப்படியே இருந்தன.

கலாநிதி அஜித் பெரேரா என்பவர் இதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1992 இல் அவர் சென்ற காரின் மேல் மரம் விழுந்து, அதன்பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். 2011 ஏப்ரல் 27 அன்று, இந்த ஒழுங்குவிதிகள் பின்பற்றப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. தனக்குக் கிடைக்காத ஒரு சாய்தளத்துக்காக அவர் போராடியது நமக்கும் சேர்த்துத்தான். அவர் 2020 இல் காலமானார். 2016 பெப்ரவரியில் இலங்கை ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை வீதி, போக்குவரத்து, கட்டடம் எல்லாவற்றிலும் அணுகும் வசதியை வேண்டுகிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். வங்கி, பிரதேச செயலகம், கிளினிக் என்று நீங்கள் அடிக்கடி போகும் ஓர் இடம் போதும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எத்தனை அடி, எத்தனை படி, சாய்தளம் இருந்தால் அதன் குறுக்கே சைக்கிள் நிற்கிறதா என்று கொப்பியில் எழுதுங்கள். முடிந்தால் படமும் எடுங்கள். ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: பிரித்தானியாவில் இப்படியான தரிப்பிடத்தைக் காருக்கு ஏறக்குறைய எட்டு அடி, பக்கத்தில் இறங்குவதற்கு நான்கு அடி என்று அளக்கிறார்கள். கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியைப் போட அந்த நான்கு அடியும் வேண்டும். முச்சக்கர வண்டிக்கு இதைவிடக் குறைந்த இடமே போதும்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் பொறுப்பாளருக்கும், வீதியோரமாயின் உங்கள் மாநகர சபைக்கு அல்லது பிரதேச சபைக்கும் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள். தனியே எழுதுவதைவிட மாதர் சங்கமாக ஐந்து பத்துப் பேர் கையெழுத்திட்டு அனுப்புவது நல்லது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பதில் வராவிட்டால், அரச நிறுவனமாயின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "எமது கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கும் மேலே போக வேண்டுமாயின், கல்முனையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். அடிப்படை உரிமை மீறலாயின் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிடுவது முக்கியம். காலம் தாழ்த்தினால் உயர் நீதிமன்றம் செல்லும் வழி அடைபட்டுவிடலாம்.

கடிதம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊரில் செய்யக்கூடியதும் உண்டு. முச்சக்கர வண்டிச் சங்கத்துத் தம்பிமாரிடமும் கடைக்கார முதலாளிமாரிடமும் பேசுங்கள். வாசலில் ஒரு வண்டி நிற்கும் அளவு இடத்தை மஞ்சள் பெயின்டால் கோடிட்டு, சக்கர நாற்காலிப் படம் ஒன்றை மாட்ட ஒரு கடைக்காரருக்குப் பெரிய செலவில்லை. அந்த இடத்தில் வேறு யாரும் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், "இது நடக்க ஏலாதவங்கட இடம் தம்பி" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதல் வாரம் முறைப்பார்கள், போகப் போகப் பழகிவிடுவார்கள்.

சாய்ந்தமருதுத் தாயின் தங்கையைப்போல் வீட்டுக்குள் இருக்கும் சகோதரி உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். இந்த மாதம் வங்கிக்குப் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். வண்டி எங்கே நின்றது, அவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதை எழுதி எமக்கு அனுப்புங்கள். கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால் அதையும் குறிப்பிடுங்கள்.