மருத்துவமனைத் தரையும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும்

நோய் தீர்க்கும் மருத்துவமனையே சில வேளைகளில் புதிய நோய் தொற்றும் இடமாகவும் அமைந்து விடுகிறது. அங்கு பரவும் கிருமிகளுள் பல, ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காதவை. கிருமிநாசினியால் துடைத்த தரையில் அவை மடிகின்றன. ஆயினும் மனிதர் கைகள் வழியாகவும் பொருள்கள் வழியாகவும் விரைவில் மீண்டும் குடியேறுகின்றன. தரிசாக விட்ட நிலத்தில் களை மண்டுவது போன்றதே இது.

அந்த நிலத்தில் நல்ல பயிரை முன்னரே வளர்த்தால் என்ன? இத்தாலியின் பெராரா பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் மேற்கொண்ட வழி இதுவே. பாசில்லஸ் இனத்தைச் சேர்ந்த மூவகை பாக்டீரியாக்களின் ஸ்போர்களைக் கலந்த துப்புரவு நீரால் அவர்கள் தரையையும் பிற பரப்புகளையும் துடைக்கச் செய்தனர். ஸ்போர்கள் முளைத்து, உணவுக்கும் இடத்துக்கும் தீய கிருமிகளோடு போட்டியிடுகின்றன. ஐந்து மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. தொற்றுக்குள்ளான நோயாளிகளின் விகிதம் 4.8 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்திருந்தது.

எனினும் இது, முறையை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இருந்த நிலையை ஒப்பிட்ட ஆய்வே. பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனையில் 18 வார்டுகளில் சோப்பு நீர், கிருமிநாசினி, நுண்ணுயிர் நீர் ஆகிய மூன்றும் முறை மாற்றிச் சோதிக்கப்பட்டன. 2023-இல் வெளியான அதன் முடிவின்படி, தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவை தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆகவே இம்முறையை ஏளனம் செய்வதும் தவறு. ஆராயாது ஏற்பதும் தவறு. வெப்பமும் நெரிசலும் மிகுந்த இந்திய மருத்துவமனைகளில், சில வார்டுகளில் பழைய முறையையும் சில வார்டுகளில் புதிய முறையையும் ஒரே காலத்தில் கையாண்டு, தொற்றுகளை ஒழுங்காகக் கணக்கிட்ட பின்னரே பொதுப் பணத்தை இதற்குச் செலவிடுதல் வேண்டும். அச்சோதனையைத் தள்ளிப் போடுவதற்கும் நியாயமில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் காத்திருப்பதில்லை.

அதுவரை களப் பணியாளர் தாமாகவே கிருமிநாசினியைக் கைவிடலாகாது. இரத்தம், சீழ் முதலியன சிந்திய இடத்துக்கு அது இன்றியமையாதது. கை கழுவுதலுக்கு ஈடாக எந்தத் துப்புரவு நீரும் ஆகாது. ஆசிரியர்களோ, எல்லா நுண்ணுயிரும் பகையல்ல என்பதை மாணவர்க்கு உணர்த்துவதோடு, ஓர் ஆய்வின் நற்செய்தியை மற்றோர் ஆய்வால் உரைத்துப் பார்ப்பதே விஞ்ஞானம் என்பதையும் சேர்த்துக் கற்பிப்பது நலம்.