கையெழுத்துப் போடுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் பொது நிலங்களுக்கு நீங்கள் பொறுப்பு. பூங்காக் காவலர்களைக் குறைக்காதீர்கள் என்று தனிமடல்களில் கேட்டுப் பார்த்தோம். 'கிடைக்கப் பெற்றோம்' என்ற ஒற்றை வரிக்கு மேல் பதிலில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். சட்டப்பிரிவுகள் உங்களுக்குத் தெரியும். நான் ஒரு மரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நெவாடாவில், உட்டா எல்லையை ஒட்டிய பாலைவெளியில் எழும் வீலர் சிகரத்தின் சரிவில் அது நின்றது. பிரிஸ்டில்கோன் பைன். அதன் இனத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். ஏறத்தாழ பத்தாயிரம் அடி உயரத்தில், பாறைக் குவியலுக்கு நடுவே, பட்டை உரிந்து, வெளுத்து, முறுக்கிக்கொண்டு நிற்கும். பட்டுப்போன மரம் என்றே தோன்றும். சுற்றிவந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும் கையகலப் பட்டை மேலேறிப் போகும். அதன் முடிவில் பச்சை ஊசியிலைக் கொத்து. அந்த ஒரு கீற்றை நம்பியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உயிர் தரிக்கிறது. மிக மெதுவாக வளர்வதால் கட்டை இறுகிப் பிசினேறியிருக்கும். பூச்சியும் அழுகலும் எளிதில் அண்டாது.

மலையேறுவோர் அந்த மரத்துக்குப் புரொமீதியஸ் என்று பெயரே வைத்திருந்தார்கள். 1964 ஆகஸ்ட்டில் அதை வெட்டினார்கள். பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்ந்த மாணவர் ஒருவர் கேட்டார், அரசின் வனத்துறை அனுமதித்தது. விழுந்த பிறகு எண்ணிப் பார்த்தால் 4,844 வளையங்கள்! உண்மை வயது இன்னும் கூடுதல். கீசா பிரமிடு எழுவதற்கு முன்பே முளைத்த மரம். அன்றுவரை வயது கணித்த தனிமரங்கள் எல்லாவற்றுக்கும் மூத்தது. அதைச் சாய்க்க ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது.

அதே மலையின் கீழே இருக்கும் லேமன் குகையில் மட்டும் என்ன நடந்தது? தொடக்க காலத்தில் வந்தவர்கள், துளித்துளியாகச் சுண்ணாம்பு படிந்து உருவான கூம்புகளை முறித்துக்கொண்டு போனார்கள். மெழுகுவர்த்திப் புகையால் கூரையில் பெயர் எழுதினார்கள். அந்தக் கரி இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று காவலர் துணையில்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது.

மரம் விழுந்து 22 ஆண்டுகள் கழித்து, 1986இல்தான், அந்தச் சரிவையும் குகையையும் உள்ளடக்கிய கிரேட் பேசின் தேசியப் பூங்கா பிறந்தது. அவ்வளவு இழந்து கிடைத்த காவல் இது. 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறையில் தகுதிகாண் பருவத்தில் இருந்த சுமார் ஆயிரம் பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினீர்கள். நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. உங்களுக்குக் கூசவில்லையா? செலவு மிச்சம் என்கிறீர்கள். முறிந்த கூம்பை எந்தப் பணத்தால் ஒட்டுவீர்கள்? 4,844 வளையங்களை எந்த நிதியாண்டில் வளர்ப்பீர்கள்?

புரொமீதியஸின் அடிக்கட்டை இன்னும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அடுத்த ஆட்குறைப்பு உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏறிப்போய்ப் பாருங்கள். காலியான இடங்களை நிரப்புங்கள். இருக்கும் காவலர்களை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
அந்த மலைக்குப் போய்வந்த ஒருவன்