அசோகர் காலத்து மிளகாய் பஜ்ஜி



போன மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவள் ஆறாம் வகுப்புப் படிக்கும் வாசகி. நம் சிறுவர் தொடரில் அண்ணனும் தங்கையும் கால எந்திரத்தில் ஏறிப் போய் அசோகரின் பாடலிபுத்திரத்தில் இறங்குகிறார்கள் அல்லவா? இறங்கியதும் பசி. கடைத்தெருவில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்கிறார்கள். அவள் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: போர்த்துகீசியர் கொண்டுவந்த மிளகாய் அசோகர் ஊருக்கு எப்படி வந்தது?

அந்த அத்தியாயத்தைக் கதாசிரியர் படித்தார், ஓவியர் படித்தார், பிழை திருத்துபவர் படித்தார். கடைசியாக நானும் படித்து, இரண்டு ஒற்றெழுத்துகளைத் திருத்தி அனுப்பினேன். பஜ்ஜி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. இத்தனைக்கும் படத்தில் தட்டிலிருந்து ஆவி பறக்கிறது!

அசோகர் பட்டத்துக்கு வந்தது ஏறக்குறைய கி.மு. 268. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது 1498. அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் நம் மண்ணில் முளைத்தது அதற்கும் பிறகு. எப்படிப் பார்த்தாலும் 1,700 ஆண்டுகளுக்கு மேல் இடிக்கிறது. மிளகு போல உறைக்கும் காய் என்பதால்தானே அது மிளகாய்? பெயரைக்கூட மிளகிடம் கடன் வாங்கிக்கொண்டு வந்த விருந்தாளி அது.

“கதைதானே சார், கற்பனைக்கு என்ன கணக்கு?” என்றார் அலுவலக நண்பர்.

கணக்கு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காலம் தாண்டிப் போகும் கதை நமக்குப் புதிதில்லை. ரேவதியின் தந்தை பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கழிந்துவிட்டதைப் புராணமே சொல்கிறது. கால எந்திரம் என்ற சொல்லை உலகமெங்கும் பரப்பியது 1895ல் வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் நாவல். எந்திரம் ஓடுமா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. அந்த ஒரு பொய்யைப் பெரிய மனதோடு ஒப்புக்கொள்கிறது. போய் இறங்கிய இடமும் பொய் என்றால், அப்புறம் எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும்?

உண்மையான பாடலிபுத்திரம் ஒன்றும் சலிப்பான ஊரில்லை. அதன் மதில் மரத்தாலானது. அதில் 64 வாயில்கள், 570 கோபுரங்கள் என்று கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. நம் சிறுவன் பாக்கெட்டிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டினால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் கையில் இருப்பது சூரியன், விலங்கு என்று சின்னச் சின்ன முத்திரைகள் குத்திய வெள்ளித் துண்டு. இந்த ஒரு காட்சி போதாதா, ஒரு அத்தியாயம் நடத்த?

பெரியவர்களாகிய நாம் செய்கிற இன்னொரு தவறும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாமே நம்மிடம் இருந்தது என்று பெருமைக்காக ஆகாய விமானத்தைக்கூடப் பறக்க விட்டுவிடுகிறோம். கல்லில் எழுதியிருப்பதையே எடுத்துச் சொன்னால் போதாதா?

அரண்மனைச் சமையலறையில் முன்பு நாள்தோறும் லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது இரண்டு மயில், ஒரு மான் மட்டும். மானும் எல்லா நாளும் இல்லை. இனி இவையும் கொல்லப்படமாட்டா. அசோகரின் முதல் பெரும் பாறைக் கல்வெட்டில் இருக்கிற செய்தி இது. தன் வீட்டு அடுப்பங்கரைக் கணக்கை ஊரறியப் பாறையில் வெட்டிவைத்த ராஜா! அடுத்த கல்வெட்டில் நம் சோழரும் பாண்டியரும்கூட வருகிறார்கள். காலப்போக்கில் அந்த எழுத்தைப் படிக்கவே ஆளில்லாமல் போயிற்று. 1837ல் ஜேம்ஸ் பிரின்செப் படித்துக்காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இதை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பாருங்கள். “அப்போ அந்த மூணையும் உடனே ஏன் நிறுத்தலை?” என்று பிள்ளை கேட்கும். உங்களிடம் பதில் இருக்கிறதா? என்னிடம் இல்லை. ஆனால் அன்றைக்கு டி.வி. ரிமோட்டை யாரும் தேட மாட்டார்கள்.

அஞ்சலட்டை வந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சமையலில், அசோகர் காலத்தில் இங்கே இல்லாத மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் கூடாது. தாளிக்கப் போன என் மனைவி பழக்கத்தில் கையை நீட்ட, விரலில் அகப்பட்டது வரமிளகாய். பேத்தி அதைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டாள். மிளகு தட்டிப் போட்ட ரசம், பருப்பு, கத்தரிக்காய் வதக்கல், தயிர், கடைசியில் எள்ளுருண்டை. ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் நான் காபி கேட்டபோதுதான் வினை. “அதுவும் அப்போ கிடையாது, தாத்தா” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்களேன். பிள்ளைகளோடு இந்தத் தொடரையும் சேர்ந்து படியுங்கள். ஒரு அத்தியாயத்துக்குப் பத்து நிமிஷம் ஆகுமா? தப்பு கண்டுபிடித்தால் அவர்கள் கையெழுத்திலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். திட்டு வாங்க நான் தயார்.

தொடர் புத்தகமாக வரும்போது அந்தக் காட்சி மாறும். சிறுவன் கடைக்கார அம்மாளிடம் மிளகாய் பஜ்ஜி கேட்பான். அவர் பேந்தப் பேந்த விழிப்பார். பிறகு ஒரு எள்ளுருண்டையை அவன் கையில் வைப்பார்.

அவன் எந்த மொழியில் கேட்டான் என்கிறீர்களா? அடுத்த அஞ்சலட்டை அதற்காகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்