துளையின் வாய் யாருடைய வளவில்?

போன வருடம் மன்னார்த் தீவில் ஒரு ஐயாவின் வளவுக்குள்ளே நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். பனைக்குக் கீழே காலால் மணலைத் தட்டிக் காட்டினார். "இதில தான் பிள்ளையள் துளை போட்டவை. மண்ணைப் பையில கட்டி, நம்பர் எழுதிக் கொண்டுபோட்டினம். என்ன கண்டவை எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்ல." அவர் காட்டிய இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. காற்று மணலைக் கொண்டுவந்து மூடிவிட்டது.

ஆனால் அந்தத் துளை தொலைந்து போகவில்லை. ஏதோ ஒரு கணினியில் ஒரு எண்ணோடும், இட அமைவோடும், ஆழத்தோடும் பத்திரமாக இருக்கிறது. ஐயாவிடம் இல்லாதது அந்த ஒரு வரி மட்டும்தான்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். புவியியலில் நாலு பேர் சேர்ந்து கிணற்று நீரின் உவர்த்தன்மையைப் பார்க்கப் போனோம். துரப்பணத் தரவை நிர்வகிக்கும் மென்பொருள் பற்றியெல்லாம் எழுதுவோம் என்று அப்போது நினைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்களைத் தள்ளியது எங்களுடைய முட்டாள்தனம்தான். முதல் தடவை 32 போத்தல் தண்ணீர் எடுத்தோம். ஐஸ் பெட்டிக்குள்ளே வைத்துக் கம்பஸுக்குக் கொண்டுவந்து திறந்தால், 11 போத்தலில் மார்க்கரால் எழுதிய எண் ஈரத்தில் அழிந்துபோயிருந்தது. தண்ணீர் இருக்கிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரியாது. அந்த 11 வீட்டுக்காரரும் வெயிலுக்குள்ளே வாளி போட்டு அள்ளித் தந்த தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினோம். மீதியிலும் பிழை. எங்களில் ஒருவர் பழைய இலங்கை வரைபடத்தின் ஆள்கூற்று முறையில் குறித்திருந்தார், மற்றவர் போனில் வந்த ஜீபீஎஸ் எண்ணைக் குறித்திருந்தார். இரண்டையும் மாற்றாமல் ஒரே வரைபடத்தில் போட்டதால் கிணறுகள் நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளி விழுந்தன. ஒரு கிணறு கடலுக்குள்ளே இருந்தது. அன்றைக்குச் சிரித்தோம், பிறகு சிரிப்பு வரவில்லை.

இதற்கு ஒழுங்கான வழி என்ன என்று தேடிப் போனபோதுதான் சுரங்கக் கம்பனிகள் பாவிக்கும் மென்பொருள்கள் கண்ணில் பட்டன. லீப்ஃபுரொக், மைக்ரோமைன், சர்பாக் என்று பல இருக்கின்றன. விலை எங்களுக்கு எட்டாது. ஆனால் அவற்றின் அடியில் இருக்கும் ஒழுங்கு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான், எக்செல்லிலும் கியூஜிஐஎஸ்ஸிலும் நாங்களே கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு துளைக்கும் நாலு அட்டவணை. முதலாவது துளையின் வாய் பற்றியது: துளை எண், கிழக்கு, வடக்கு, உயரம், மொத்த ஆழம். இரண்டாவது, துளை எந்தப் பக்கம் எவ்வளவு சரிந்து போகிறது என்பது. மூன்றாவது, எத்தனை மீற்றரிலிருந்து எத்தனை மீற்றர் வரை என்ன மண், என்ன பாறை. நாலாவது, அதே "இருந்து, வரை" கணக்கில் ஆய்வுகூட முடிவுகள். நாலையும் கோர்ப்பது அந்தத் துளை எண்தான். 12 மீற்றரில் முடிந்த துளையில் 14ஆவது மீற்றருக்கு மாதிரி எழுதினால் மென்பொருள் பிடித்துவிடும். இரண்டு மாதிரிகள் ஒரே ஆழத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பிடிக்கும். வாய் இல்லாத துளையை அது ஏற்காது. எங்கட 11 போத்தலும் அந்த வாய் இல்லாத துளைகள்தான்.

இன்னொரு பழக்கம் எங்களுக்கு நன்றாகப் பிடித்தது. ஆய்வுகூடத்துக்கு மாதிரிகளை அனுப்பும்போது இடையிடையே ஒன்றுமே இல்லாத வெறும் மாதிரி ஒன்று, ஏற்கனவே அளவு தெரிந்த மாதிரி ஒன்று, ஒரே மண்ணின் இரட்டை ஒன்று என்று சாதாரண எண்களோடு கலந்து விடுவார்கள். எது எது என்று ஆய்வுகூடத்துக்குத் தெரியாது. வெறும் மாதிரியில் எதையாவது கண்டதாக முடிவு வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் சந்தேகிக்கலாம்.

இவ்வளவு கண்டிப்பு சும்மா வரவில்லை. இந்தோனேசியாவின் புசாங்கில் பெருந்தொகைத் தங்கம் இருக்கிறது என்று கனடாவின் ப்ரே-எக்ஸ் கம்பனி 90களில் அறிவித்தது. சந்தையில் அதன் பெறுமதி பல பில்லியன் டொலர் வரை ஏறியது. துரப்பணத்தில் வரும் பாறைத் தண்டை நீளவாக்கில் பிளந்து பாதியைப் பின்னால் சரிபார்க்க வைத்திருப்பது வழக்கம். அங்கே பெரும்பாலும் முழுவதையும் அரைத்துவிட்டார்கள். அரைத்த தூளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது 1997இல் அம்பலமானது. ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்களின் பணம் போனது. அதன் பிறகு கனடா 2001இல் சுரங்கத் தரவை அறிவிப்பதற்குத் தனி ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. அவுஸ்திரேலியாவில் ஜோர்க் என்ற விதிக்கோவை 1989இலேயே வந்துவிட்டது. அதன் 2012 பதிப்பின்படி, முக்கியமான துளைகளின் வாய் எங்கே, எவ்வளவு உயரம், எந்தச் சரிவு, எவ்வளவு நீளம் என்பதைக் கம்பனி அறிவிப்பிலேயே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். 5 வருட அனுபவமாவது உள்ள ஒரு தகுதியாளர் பெயர் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

இதை வாசித்தபோது எங்களுக்கு முதலில் வந்தது மரியாதை, அடுத்து வந்தது கோபம். இந்த ஒழுங்கு முழுக்கவும் பங்கு வாங்குகிறவரை ஏமாற்றாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. பேர்த்தில் இருந்துகொண்டு பங்கு வாங்குகிறவர் ஒரு தீவின் துளைகளை எண், ஆழம், கனிய வீதம் என்று வரி வரியாக வாசிக்கலாம். துளை விழுந்த வளவின் சொந்தக்காரருக்கு அதே வரியைக் கொடுக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. இணையத்தில் போட்டிருக்கிறார்கள்தானே என்று சிலர் சொல்லுவினம். ஆங்கிலத்தில், ஆறு ஏழு இலக்க ஆள்கூறுகளாகப் போட்டிருப்பதை வைத்து அந்த ஐயா தன்ர பனையடியைக் கண்டுபிடிப்பாரா?

மன்னாரில் இது சின்ன விசயம் இல்லை. தீவில் கிணறு என்றால் உப்பு நீருக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய நன்னீர்ப் படை. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே கொஞ்சம் குறைந்தாலே கீழிருந்து உப்பு ஏறும். கனிய மணலுக்காக நிலத்தைத் தோண்டினால் இந்தப் படைக்கு என்ன நடக்கும் என்பதுதான் சனத்தின் கேள்வி. 2025 ஆகஸ்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் மக்கள் இரவு பகலாகத் தெருவில் இருந்தார்கள். அந்த நாட்களில் "தரவைக் கொண்டு வாங்கோ, உணர்ச்சியில கதைக்காதேங்கோ" என்று கொழும்பிலிருந்து எழுதியவர்கள் உண்டு. தரவு முழுக்க ஒரு பக்கத்திடம் இருக்கும்போது மற்றப் பக்கத்திடம் தரவு கேட்பது நியாயம் இல்லை.

அதற்காகத் தரவு தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். அனல் மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்ததா என்ற கேள்விக்கு ஒரு அறிக்கை ஒன்று சொன்னது, இன்னொன்று வேறு சொன்னது. தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சனம் பவுசருக்குக் காத்து நின்றது. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் மாசு ஏற்பட்டதை ஏற்று 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. எந்தக் கிணறு, எந்தத் திகதி, எவ்வளவு ஆழம், போத்தல் யார் கையால் யார் கைக்குப் போனது என்ற ஏடு ஊரிடமே இருந்திருந்தால் அந்த வருடங்கள் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம்.

"இது விஞ்ஞான பீடத்தின்ர வேலை, உங்களுக்கு என்ன?" என்று கன்ரீனில் ஒரு நண்பர் கேட்டார். எங்கட பதில் இதுதான்: அட்டவணையில் எந்த நிரல் இருக்க வேண்டும் என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள். மண்ணின் நிறத்துக்கு நிரல் இருக்கிறது, மணியின் பருமனுக்கு இருக்கிறது, எந்த இயந்திரம் துளைத்தது என்பதற்கும் இருக்கிறது. யாருடைய காணி, யாரிடம் கேட்டது, எந்த மொழியில் கேட்டது, துளையை மூடியாச்சா, முடிவைத் திருப்பிச் சொல்லியாச்சா என்பவற்றுக்கு நாங்கள் பார்த்த மாதிரிப் படிவங்கள் எதிலும் நிரல் இல்லை. மென்பொருளின் குறை இல்லை இது. புதிதாய் ஒரு நிரல் சேர்க்க 5 நிமிடம் போதும். கேட்க ஒருத்தரும் இல்லாததால் சேர்க்கவில்லை. அதைக் கேட்பது கலைப்பீடத்தின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

ஆனால் எங்கட சொந்த அட்டவணையே எங்களுக்கு ஒரு அடி போட்டது. இரண்டாம் தடவை நீரில் அழியாத மையால் எழுதி, ஒவ்வொரு போத்தலுக்கும் எண்ணோடு படம் எடுத்து, எல்லாம் சரியாகச் செய்தோம். வரைபடம் வடிவாக வந்தது. ஒரு அம்மாவிடம் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய கிணறு சிவப்புப் புள்ளி. "தம்பி, இதை நெட்டில போடாதேங்கோ. உப்புக் கிணறு எண்டு தெரிஞ்சால் ஆர் இந்தக் காணியை வாங்குவினம்? பிள்ளையின்ர கலியாணத்துக்கு இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறன்." எங்களிடம் உடனடிப் பதில் இல்லை. எல்லாத் தரவும் வெளியில் இருக்க வேண்டும் என்று அதுவரை மூச்சுவிடாமல் கதைத்தவர்கள் நாங்கள்தான். அதோடு, அவருடைய தண்ணீரை எடுத்து 8 மாதம் கழித்துத்தான் முடிவைக் காட்டப் போயிருந்தோம். "முடிவு சொல்லியாச்சா" என்ற நிரல் எங்கட எக்செல்லிலும் அன்றைக்கு இருக்கவில்லை.

இப்போது இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் சரியான இடம் இருக்கும், அது வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் மட்டும். மற்றதில் கிராம சேவகர் பிரிவு அளவில் தொகுத்த எண்கள் மட்டும், அது எல்லோருக்கும். இது சரியான தீர்வா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. ஒரு கிணற்றுச் சொந்தக்காரியின் பயத்தையும் ஒரு கம்பனியின் "வணிக இரகசியத்தையும்" ஒரே தராசில் வைக்க முடியாது என்பதில் மட்டும் நாலு பேரும் ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வணிக இரகசியத்துக்கு விலக்கு அளிக்கிறது, உண்மை. ஆனால் பொது நலன் அதைவிடப் பெரிதாய் இருந்தால் கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. குடிதண்ணீரைவிடப் பெரிய பொது நலன் எது?

அந்தச் சட்டத்தின் கீழ் போன கிழமை ஒரு விண்ணப்பம் போட்டோம். ஒரு பிரதேச செயலாளர் பிரிவுக்குள் போடப்பட்ட ஆய்வுத் துளைகளின் வாய் அட்டவணை, மண் அட்டவணை, துளைகள் மூடப்பட்ட விபரம், இவ்வளவும் தமிழில் வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். தீர்மானம் சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள் இருக்கின்றன. அதற்கிடையில் 21 கிணறுகளின் முடிவுகளையும் வீட்டுக்கு ஒன்றாய் அச்சடித்துவிட்டோம், கிணற்று எண், திகதி, எங்கட போன் நம்பரோடு. அடுத்த சனி காலை பஸ்ஸில் கொண்டுபோகிறோம். எண் அழிந்த 11 வீட்டுக்கும் வெறுங்கையோடுதான் போக வேண்டும். திரும்ப ஒரு வாளி அள்ளித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறோம்.