படகை விட்டுட்டு விலையைப் பார்த்தவர்கள்

"அவனும் காசுக்குத்தானே விக்கிறான்?" பாங்க்சியைப் பற்றி எங்கட வட்டத்தில் யார் கதைக்கத் தொடங்கினாலும் பேச்சு இந்தக் கேள்வியில் வந்து முடிஞ்சிடும். கேட்டவர் பெரிய கள்ளம் ஒன்றைப் பிடிச்ச மாதிரி ஒரு சிரிப்பும் சிரிப்பார். இதை விமர்சனம் என்று ஏற்றுக்கொள்ள நாங்கள் தயாரில்லை. கண்ணுக்கு முன்னால் உள்ளதைப் பார்க்காமல் நழுவிப்போக இது ஒரு வசதியான வழி, அவ்வளவுதான்.

டிஸ்மலாண்டை எடுத்துக்கொள்வோம். 2015 ஓகஸ்ட் 21இல், இங்கிலாந்தின் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை ஊரில், பல வருசமாகப் பூட்டிக் கிடந்த ஒரு நீச்சல் தடாக வளாகத்துக்குள் அந்தக் கண்காட்சி திறந்தது. டிஸ்னிலாண்டின் பெயரைத் திருகி, துயரம் பிடித்தது என்ற அர்த்தம் வரும் 'டிஸ்மல்' என்ற சொல்லை அதற்குள் செருகியிருந்தார், முகம் காட்டாத அந்தச் சுவரோவியர். ஐம்பதுக்கு மேற்பட்ட கலைஞர்களின் வேலைகள். சிதைந்த கோட்டை. வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவே சிரிக்காத ஊழியர்கள். 'நான் ஒரு முட்டாள்' என்று எழுதிய பலூன்கள். நுழைவுக் கட்டணம் 3 பவுண். 36 நாளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வந்துபோனார்கள்.

வந்த சனத்தின் எதிர்வினை முதலாவது. ரிக்கெட் விற்ற இணையத்தளம் நெரிசலில் படுத்துவிட்டது. அதுவும் பாங்க்சியின் பகிடியோ என்று ஆக்கள் சந்தேகப்பட்டார்கள். 3 பவுண் ரிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு மறுபடி விற்கப் போட்டார்கள். கோட்டைக்குள்ளே கவிழ்ந்த பூசணி வண்டியில் சின்டரெல்லா செத்துத் தொங்குகிறாள், சுற்றிநின்று பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் ஃபிளாஷ் அடிக்கிறார்கள். 1997இல் பாரிஸில் நடந்த டயானாவின் விபத்தை நினைவூட்டுகிற காட்சி. பார்க்க வந்தவர்களும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அந்தப் படப்பிடிப்பாளர்களின் வரிசையில்தான் தாங்களும் நிற்கிறோம் என்று எத்தனை பேருக்கு உறைத்திருக்கும்?

இரண்டாவது எதிர்வினை புத்திசாலிகளுடையது. நுகர்வு கூடாது என்று சொல்ல ஒரு பூங்கா வேணுமா, இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, வெளியே போற வழியில் நினைவுப்பொருள் கடை வேறை வைச்சிருக்கிறான் என்று எழுதினார்கள். ஊருக்கு 2 கோடி பவுண் வருமானம் கிடைத்ததாக மதிப்பீடு வந்ததும் இவர்களுக்கு இன்னும் வாய்ப்பாகிவிட்டது. பிறகு 2018இல் லண்டன் ஏலத்தில் பத்து லட்சம் பவுணுக்கு மேல் போன பாங்க்சியின் ஓவியம், சுத்தியல் தட்டின கையோட தன்னைத்தானே கிழித்துக்கொண்டது. அந்தக் கிழிசல் 2021இல் 1 கோடி 85 லட்சம் பவுணுக்கு மேல் விலை போனது. பாத்தியளா, சந்தையை நக்கலடிச்சதையும் சந்தையே வாங்கிட்டுது என்றார்கள்.

உண்மைதான். இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சந்தை எதையும் விழுங்கும் என்பது புதுச் செய்தியா? சே குவேராவின் முகத்தை ரீசேர்ட்டில் போட்டுக்கொண்டு கம்பஸுக்கு வருகிற எங்களுக்கு இதை ஆராவது வகுப்பெடுத்துத்தான் சொல்ல வேணுமா?

எங்கட கண்ணில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றுதான். கடையில் சாமானை வாங்கிறவனும், விலைச்சீட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கிறவனும் ஒரே கடைக்குள்ளதான் நிக்கினம். ஒருத்தர் டிஸ்மலாண்டை அனுபவமாக வாங்கினார். மற்றவர் அதன் விலையைச் சரிபார்த்தார். உள்ளே என்ன இருந்தது என்று இரண்டு பேரும் கதைக்கவில்லை.

உள்ளே ஒரு குளம் இருந்தது. பூங்காக்களில் பிள்ளைகள் ரிமோட்டில் பொம்மைப் படகு ஓட்டுவார்களே, அதே மாதிரி. ஆனால் இந்தப் படகுகளில் அகதிகள் நெருக்கியடித்து நின்றார்கள். தண்ணீரில் பிணங்கள் மிதந்தன. நீங்கள் ஓட்டுகிற படகு எதுவென்பதும் உங்கட கையில் இல்லை. அகதிப் படகில் இருந்து ரோந்துப் படகுக்கும், அங்கிருந்து மறுபடி அகதிப் படகுக்கும் கட்டுப்பாடு மாறிக்கொண்டே இருக்கும். கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, செப்டெம்பர் 2ஆம் திகதி, அலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் உடல் துருக்கிக் கரையில் ஒதுங்கியது.

இந்தக் குளத்தைத் தமிழர் நாங்கள் எப்படிக் கடந்து போவது? 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இறங்கினவர்களைத் தடுப்பில் வைத்தார்கள். அங்கேயும் கதை விலையில்தான் வந்து நின்றது: எவ்வளவு காசு குடுத்து வந்தவங்கள், எங்கட வரிப்பணம் எவ்வளவு போகும்? 2013க்குப் பிறகு அவுஸ்திரேலிய அரசு, கொந்தளிக்கிற கடலில் ஒரு சின்னப் படகின் படத்தைப் போட்டு, இங்கே உங்களுக்கு வாழ்வில்லை என்று தமிழிலும் விளம்பரம் செய்தது. அதுவும் ஒரு படம்தான். கீறினவருக்கு எவ்வளவு சம்பளம் என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை. அதிகாரம் போடுகிற படத்துக்குக் கேட்காத கணக்கை, அதிகாரத்தை நக்கலடிக்கிற படத்திடம் மட்டும் ஏன் கேட்கிறம்?

அதுக்காக டிஸ்மலாண்டைக் கும்பிடச் சொல்லவில்லை. அந்தக் குளத்தைப் பற்றி எங்களுக்கும் ஒரு கோபம் இருக்கிறது. அகதிகளின் சாவைச் சின்டரெல்லாவுக்கும் பலூனுக்கும் நடுவில் இன்னொரு விளையாட்டாக வைத்தால், பார்க்கிறவர் இரண்டு நிமிசத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகலாம். படகில் நின்ற பொம்மைகளுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. போன மனிதர் தன் கதையைத் தானே சொல்ல அங்கே இடமிருக்கவில்லை. விமர்சிக்க வேணுமென்றால் இதை விமர்சியுங்கோ. காட்சியை நின்று பார்த்தவரால்தான் இதைச் சொல்ல முடியும். '3 பவுண்' என்று கத்த எதையும் பார்க்கத் தேவையில்லை.

கண்காட்சி முடிந்ததும் அதன் மரங்களையும் தளபாடங்களையும் பிரான்ஸின் கலே அகதி முகாமுக்குக் கொட்டில் போட அனுப்பினார்கள். அதால் உலகம் மாறவில்லை. முகாமையும் 2016இல் இடித்துவிட்டார்கள். ஆனாலும் மழைக்குக் கொஞ்சப் பேர் தலைக்கு மேல் ஒரு கூரை கண்டார்கள். கலைஞன் சுத்தமானவனா என்ற எங்கட பட்டிமன்றத்தால் ஒரு தடி கூட எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை.

நாளைக்கு எங்கட ஊர்ச் சுவரில் ஒரு பெடியனோ பெட்டையோ எதையாவது கீறினால், முதல் கேள்வியாக "இதுக்கு ஆர் காசு குடுத்தது?" என்று கேட்க நிறையப் பேர் வருவினம். அதையும் கேளுங்கோ, தப்பில்லை. ஆனால் அதுக்கு முதல் அந்தச் சுவரில் என்ன கீறிக் கிடக்குது என்று ஒருக்கா நின்று பாருங்கோ.