முழங்காலைக் குறை சொல்லாதீர்கள், இடுப்பைப் பாருங்கள்



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் மலையகத்துப் பாடசாலைகளில் ஒரே மாதிரிச் செய்திதான் காதில் விழும். வலைப்பந்து விளையாடப் போன பிள்ளைக்கு முழங்கால் போய்விட்டது. யாரும் தள்ளவில்லை, யாரும் மோதவில்லை. துள்ளிப் பந்தைப் பிடித்தாள், கால் ஊன்றினாள், முழங்கால் உள்ளே மடிந்தது, "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பிறகு நடப்பதும் ஒரே மாதிரிதான். ஒருவர் கண்ணூறு என்பார். ஒருவர் எண்ணெய் போட்டு உருவச் சொல்வார். கடைசியில் தீர்ப்பு வரும்: "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த விளையாட்டு?" லயத்திலும் இதே தீர்ப்பு, ஹட்டன் டவுனில் நம் முஸ்லிம் வீடுகளிலும் இதே தீர்ப்பு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குள் நல்ல ஒற்றுமை!

அந்தத் தீர்ப்பு பிழை என்கிறோம் நாங்கள்.

முழங்கால் தானாக உள்ளே மடிவதில்லை. இடுப்பின் வெளிப்பக்கம், பிட்டத்துக்குச் சற்று மேலே ஒரு தசை இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சரியவிடாமல் பிடிப்பதும், தொடையை உள்ளே திரும்ப விடாமல் தடுப்பதும் அதன் வேலை. அதற்குப் பலம் போதாவிட்டால் துள்ளி இறங்கும்போது தொடை உள்ளே திரும்பும், முழங்கால் பெருவிரல் பக்கம் சாயும். மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற நார் அந்த நொடியில்தான் அறுகிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 501 வீரர், வீராங்கனைகளின் இடுப்புப் பலத்தை சீசனுக்கு முன்பே அளந்து வைத்தார்கள். பிறகு மோதல் இல்லாமலே ஏசிஎல் அறுந்தவர்கள் 15 பேர். அவர்களின் இடுப்புப் பலம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இடுப்பு மட்டும்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நம் கையால் திருத்தக்கூடிய காரணம் அது.

வலைப்பந்தில் இது இன்னும் மோசம். பந்தைப் பிடித்தால் ஓட முடியாது, அந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. ஓடி வந்த வேகம் முழுவதையும் ஒரு காலில் நிறுத்துகிறாள் பிள்ளை. அதுவும் நம் மைதானங்களில், நுவரெலியாக் குளிரில், ஈரப் புல்லில்.

"தோட்டத்துப் புள்ளைகள் மலை ஏறி இறங்குதுகள், அதுகளுக்கு என்ன பயிற்சி?" என்று கேட்பவர்களுக்கு: மலை ஏறுவது நேரே போகும் வேலை. பக்கவாட்டில் பாய்ந்து ஒற்றைக் காலில் நிற்பது வேறு வேலை. அதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

பழக்கினால் பலன் உண்டா? சுவீடனில் 12 முதல் 17 வயது வரையான 4,500க்கும் மேற்பட்ட உதைபந்தாட்டப் பிள்ளைகளைக் கொண்டு பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரத்தில் இரண்டு நாள், 15 நிமிடம். ஒற்றைக் காலில் குந்தி எழும்புவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, துள்ளி முழங்காலை நேராக வைத்து மெதுவாக இறங்குவது, இப்படிச் சில பயிற்சிகள். 2012இல் முடிவு வந்தது: அந்தப் பிள்ளைகளிடம் ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைவு. மெஷின் இல்லை, ஜிம் இல்லை, காசு இல்லை.

நேரம் இல்லையாம். அணிநடைக்குப் பிள்ளைகளை வாரக்கணக்கில் வெயிலில் நிறுத்த நேரம் இருக்கிறது. இல்லம் சோடிக்க நேரம் இருக்கிறது. வலயப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அணி திரட்டி, மைதானத்தைச் சுற்றி இரண்டு ஓட்டம் விட்டு, அதை வோர்ம் அப் என்கிறோம். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் போடாத ஆளில்லை. அடுத்த தர்ஜினியின் முழங்காலுக்கு 15 நிமிடம் கிடையாதா?

நம் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பயிற்சிகளுக்கு உடை ஒரு தடையே இல்லை. ஸ்காஃபும் ட்ராக் சூட்டும் போட்டுச் செய்யலாம். மைதானம் வேண்டாமென்றால் வகுப்பறைக் கதவைச் சாத்தி, பாய் விரித்து, டீச்சர் முன்னால் செய்யலாம். வீட்டில் நாடகம் பார்க்கும் நேரத்தில் ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்கி இறக்குவதும் அதே தசைக்குத்தான். பிள்ளையை ஒற்றைக் காலில் நிறுத்தி மெதுவாகக் குந்தச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள். முழங்கால் உள்ளே சாய்ந்தால் இன்றைக்கே தொடங்குங்கள்.

"டக்" என்ற சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் உருவ வேண்டாம். அறுந்த நார் எண்ணெயால் ஒட்டாது. கிளங்கன் ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோங்கள்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் இல்ல டீசேர்ட்டுக் காசைப் பற்றிப் பேசும்போது இதையும் கேளுங்கள்: பெண் பிள்ளைகளுக்கு இந்த 15 நிமிடம் எந்தெந்த நாள், யார் பொறுப்பு?