கெடு எனக்கு மட்டும்தானா?

ஜெர்மனியில் வீடு மாறினால் 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். வெறுங்கையோடு போனால் நடக்காது. இன்ன தேதியில் இவர் என் வீட்டில் குடியேறினார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் வேண்டும். பதிந்த கையோடு தபால் பெட்டி நிரம்பத் தொடங்கும். முதல் தடவை பதிபவருக்கு 11 இலக்க வரி எண் வரும். பின்னாலேயே, வீட்டில் டி.வி. இருக்கிறதோ இல்லையோ, மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு.

இதிலெல்லாம் எனக்குக் குறையே கிடையாது. சாதிச் சான்றிதழ் வாங்க ஆள் பிடித்து, அந்த ஆளைப் பிடிக்க இன்னொரு ஆள் பிடித்து, தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தவள் நான். எழுதி வைத்ததைக் கேட்கிறார்கள், கேட்டதைக் கொடுத்தால் வேலை முடிகிறது என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. வசிப்புரிமை அட்டையைப் புதுப்பிக்கும் காலம் வரும்வரைக்கும்.

ரூர் வட்டாரத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அட்டை காலாவதி ஆவதற்கு நிறைய நாள் முன்பே, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று எல்லாம் சேர்த்து, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பதிலே இல்லை. நேரில் போனால், ‘டெர்மின்’, அதாவது முன்பதிவு செய்த நேரம், இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்கிறார் வாசலில் நிற்கும் காவலர். அந்த டெர்மினை இணையதளத்தில்தான் எடுக்க வேண்டும். தளத்தைத் திறந்தால் நாட்காட்டி முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு கட்டத்தைக்கூட அழுத்த முடியாது. நள்ளிரவில் புதுத் தேதிகள் விழும் என்று யாரோ சொல்ல, கூட வேலை பார்க்கும் நைஜீரியப் பெண்ணும் நானும் ஆளுக்கொரு வீட்டில் விழித்திருந்து, ‘உனக்கு விழுந்ததா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருப்போம். பெரிய நகரங்களில் இந்த டெர்மின்களை மொத்தமாக அள்ளிக் காசுக்கு விற்கும் தரகர்கள் இருப்பதை ஜெர்மன் பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. புரோக்கர் இல்லாத நாடு என்று நம்பி வந்தவளுக்கு அது ஒரு பாடம்.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. வசிப்புரிமைச் சட்டத்தின் 81-ஆவது பிரிவின்படி, அட்டை காலாவதி ஆகும் முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடர்வதாகவே கொள்ளப்படும். ஆனால் என்னை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. செல்லுபடியாகும் அனுமதியின் நகல் அவரிடம் கோப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் மாட்டிக்கொள்வார். ஆகவே பணியாளர் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், தேதியும் போட்டிருந்தார்கள். உரிமை தொடர்கிறது என்பதற்கு ‘ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங்’ என்று ஒரு தாள் உண்டு. 13 யூரோ கட்டினால் கொடுப்பார்கள். கொடுக்க வேண்டியது யார்? பதில் சொல்லாத அதே அலுவலகம். அதற்கும் டெர்மின்.

இதற்கிடையே அக்கா மகள் கல்யாணம் கோவில்பட்டியில் நடந்தது. அந்தத் தாள் இல்லாமல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வருவதுதான் சிக்கல். தாலி கட்டுவதை வீடியோ காலில் பார்த்தேன், அதுவும் கேமராக்காரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அங்கே பிரசாத வரிசையில் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். 1985-இல் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கே கடந்து வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவர்.

“தங்கச்சி, ஈமெயிலே போட்டனீங்கள்? அது காணாது. கடிதமா எழுதிப் பதிவுத் தபாலிலை போடுங்கோ. நாங்கள் வந்த காலத்திலை பக்கத்து மாவட்டத்துக்குப் போகவே கந்தோரிலை கடிதம் வாங்கவேணும். இவையளுக்கு வாயாலை சொன்னா விளங்காது, தாளிலை சொன்னாத்தான் விளங்கும்.”

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். அலுவலகம் காரணமில்லாமல் 3 மாதத்துக்கு மேல் முடிவெடுக்காமல் இருந்தால், செயல்படவில்லை என்று நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. முதல் கட்ட நீதிமன்றத்தில் வக்கீல்கூடத் தேவையில்லை. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, ஒரு தேதியும் போட்டுக் கடிதம் எழுதினேன். அத்தனை நாளும் ஊமையாக இருந்த அலுவலகம், அந்தத் தேதிக்குள் டெர்மின் அனுப்பியது.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனுஷி. மேசை நிறைந்து தரையிலும் கோப்புகள். வேலையை விட்டுப் போன இருவருக்குப் பதில் இன்னும் ஆள் போடவில்லை என்றார், மன்னிப்பும் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆள் பற்றாக்குறை நிஜம்தான். ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது? 2022 முடிவதற்குள் அரசுச் சேவைகளை இணையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2017-இலேயே சட்டம் போட்டார்கள். அந்தக் கெடு தவறியது, யாருக்கும் அபராதம் விழவில்லை. நான் வீட்டு முகவரியைப் பதியத் தவறினால் விழும்.

நான் கேட்பது சலுகை அல்ல. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நிமிடமே, உரிமை தொடர்கிறது என்னும் சான்று தானாக வந்து விழ வேண்டும். சட்டம் ஏற்கெனவே சொல்வதைத்தானே அச்சடிக்கப் போகிறார்கள், அதற்கு எதற்கு ஓர் ஆளும் டெர்மினும்? சில நகரங்கள் இதைச் செய்யவும் தொடங்கிவிட்டன. எல்லா ஊருக்கும் இதை விதியாக்கச் செலவு அதிகம் ஆகாது. அந்தத் தாளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் முதலாளிகளுக்கும் எழுத்தில் சொல்லிவிட்டால், பாதி நள்ளிரவுக் கூட்டம் கலைந்துவிடும்.

வழக்குப் போடலாம் என்பது எனக்குத் தெரிய வந்ததே கோயில் வரிசையில்தான். கிடங்கில் பெட்டி தூக்குபவருக்கும், மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கும் கேரளத்து நர்ஸுக்கும் யார் சொல்வார்கள்? அலுவலகங்கள் ஜெர்மனில்தான் எழுதும், ஜெர்மனில்தான் கேட்கும். அந்த 75-ஆவது பிரிவை விண்ணப்பப் படிவத்தின் அடியில் ஒரு வரியாகப் போட்டாலே போதும். எனக்கு அடுத்த புதுப்பிப்பு வரவிருக்கிறது. நிர்வாக நீதிமன்றம் எந்தத் தெருவில் இருக்கிறது, காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று இப்போதே விசாரித்து வைத்துவிட்டேன்.